பேட்டரியை எண்ணெயில் முக்கி வைத்தால் ஷார்ட் ஆகாதா?

கேள்வி இதுதான்: மின்சார வாகனங்களில் பேட்டரி செல்களை நேராகத் திரவத்துக்குள்ளேயே மூழ்க வைத்துக் குளிர்விக்கும் முறை வந்திருக்கிறதாம். ஷார்ட் ஆகாதா? அவ்வளவு நல்ல முறை என்றால் எல்லா வண்டியிலும் ஏன் இல்லை? பழைய ஸ்கூட்டரின் பேட்டரி பேக் (பல செல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) ஒன்று கையில் இருக்கிறது, அதில் நாமே செய்து பார்க்கலாமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஷார்ட் ஆகாது. உங்கள் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். உள்ளே 11,000 வோல்ட் ஓடும் செம்புச் சுருள்கள் முழுக்க எண்ணெயில்தான் கிடக்கின்றன. சுருள்களுக்கு நடுவே மின்சாரம் தாவாமல் தடுப்பதும், சூட்டை வெளிச்சுவரில் இருக்கும் துடுப்புகளுக்குக் கொண்டுபோவதும் அந்த ஒரே எண்ணெய்தான். நூறு வருடத்துக்கும் மேலாக இது நடக்கிறது. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகைகளும் மின்சாரம் கடத்தாத ஒரு ஃப்ளூரின் திரவத்தில்தான் மூழ்கி வேலை செய்தன. ஆக, யோசனை பழையது. பேட்டரிக்கு அது இப்போது ஏன் தேவைப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பேட்டரி சூடாவதன் கணக்கு எளிது. ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்தை உள்தடையால் பெருக்கினால் வெப்பம். 60 யூனிட் கொள்ளளவுள்ள ஒரு கார் பேக்கின் உள்தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் ஓடினால் 2,000 வாட் வெப்பம். அதையே 400 ஆம்பியராக்கினால் 4,000 அல்ல, 8,000 வாட். நான்கைந்து துணி இஸ்திரிப் பெட்டிகளை ஒரே சமயத்தில் பேட்டரிக்குள் ஓடவிட்ட மாதிரி. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும், மலைப்பாதையில் முழுச் சுமையோடு ஏற வேண்டும், பந்தயத் தடத்தில் திரும்பத் திரும்ப முடுக்க வேண்டும் என்னும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

லித்தியம் அயன் செல்லுக்கும் நமக்கும் பிடித்த தட்பவெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 15 முதல் 35 டிகிரி வரை சுகமாக இருக்கும். 45ஐத் தாண்டி நெடுநேரம் இருந்தால் ஆயுள் வேகமாகக் குறையும். அதைவிட முக்கியம், ஒரே பேக்கில் இருக்கும் செல்களுக்குள் வெப்ப வித்தியாசம் கூடக்கூடாது. 5 டிகிரிக்குள் வைத்திருப்பதைப் பொதுவாக இலக்காகக் கொள்வார்கள். சூடான செல் சீக்கிரம் கிழடாகும். தொடரில் இணைந்த செல்களில் ஒன்று தளர்ந்தால் பேக் முழுவதும் அதன் வேகத்துக்குத்தான் நடக்க முடியும்.

இன்றைக்கு ஓடும் பெரும்பாலான மின்சார கார்களில் கிளைக்கால் கலந்த தண்ணீர்தான் கூலன்ட். இன்ஜின் கார் ரேடியேட்டரில் ஊற்றுவோமே, அதே குடும்பம். செல்களுக்கு அடியில் அலுமினியத் தட்டு, அதற்குள் சின்னச் சின்னக் கால்வாய்கள், அவற்றில் கூலன்ட் ஓடும். டாடா நெக்ஸான் மின்சார கார் 2020இல் வந்தபோதே அதன் பேட்டரி திரவக் குளிர்விப்போடுதான் வந்தது. முதல் தலைமுறை நிசான் லீஃபில் இப்படி எதுவும் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அந்தக் கார்களின் பேட்டரிகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கொள்ளளவை இழந்து 2012 வாக்கில் பெரிய சர்ச்சையானது.

இனி பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருவோம். "எண்ணெய் தண்ணீரைவிட நன்றாகக் குளிர்விக்கும், அதனால்தான் மூழ்கவைக்கிறார்கள்" என்று சொல்வார்கள். உண்மை அப்படியே நேரெதிர். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும், கிளைக்கால் கலவைக்குச் சுமார் 3.4, எண்ணெய்க்கு வெறும் 2 சொச்சம். வெப்பத்தைக் கடத்தும் திறனில் தண்ணீர் 0.6, கிளைக்கால் கலவை 0.4, எண்ணெய் 0.13 அல்லது 0.14. போதாக்குறைக்கு எண்ணெய் கெட்டியானது, பம்ப் கூடுதலாக உழைக்க வேண்டும். திரவம் என்ற அளவில் பார்த்தால் எண்ணெய் சுமாரான குளிர்விப்பான்தான்.

ஆனால் எண்ணெயால் செல்லைத் தொட முடியும், தண்ணீரால் முடியாது. இந்த முறையின் மொத்தப் பலமும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

குழந்தைக்குப் பால் ஆற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சூடான பால் டம்ளரை ஈரத் துணிமேல் வைத்தால் அடிப்பகுதி மட்டும் ஆறும். அதையே தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் கழுத்துவரை இறக்கி வைத்தால்? தட்டு வைத்துக் குளிர்விக்கும் பேக் முதல் வகை. செல்லில் பிறந்த சூடு அடிவரை இறங்கி வர வேண்டும், பிறகு மின்காப்புப் படலம், இடைவெளியை நிரப்பும் பேஸ்ட், அலுமினியத் தகடு எல்லாவற்றையும் கடந்துதான் கூலன்ட்டைச் சேரும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு சுங்கச்சாவடி மாதிரி. செல்லின் அடி குளிர்ந்திருக்க, தலை சூடாக இருக்கும். மூழ்கவைத்த பேக்கில் இந்தச் சாவடிகள் எதுவும் இல்லை. செல்லின் சுற்றுச்சுவர் முழுவதையும் எண்ணெய் தழுவிக்கொண்டு போகிறது. செல்களை இணைக்கும் பஸ்பார்களும் வெல்டிங் முனைகளும்கூட எண்ணெய்க்குள்ளேயே இருக்கும். அதிக ஆம்பியர் ஓடும்போது அந்த இணைப்புகள்தான் முதலில் கொதிக்கும், தட்டு அவற்றை எட்டிக்கூடப் பார்க்காது.

தண்ணீரால் தொட முடியாது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 2011இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை செவர்லே வோல்ட் காரைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டுச் சோதனை செய்தது. விஸ்கான்சினில் நிறுத்தி வைத்திருந்த அந்தக் கார் மூன்று வாரம் கழித்துத் தானாகத் தீப்பிடித்தது. மோதலில் உடைந்த குழாயிலிருந்து கூலன்ட் கசிந்து பேட்டரிக்குள்ளிருந்த மின்னணுப் பலகையில் படிந்ததும், பேட்டரியில் சார்ஜ் இறக்கப்படாமல் இருந்ததும் காரணம். பிறகு அந்த நிறுவனம் பேட்டரியைச் சுற்றியுள்ள கட்டமைப்பைப் பலப்படுத்தி, கூலன்ட் அளவைக் கண்காணிக்க ஒரு சென்சாரும் சேர்த்தது. கூலன்ட் மின்சாரம் கடத்தாததாக இருந்திருந்தால் அந்தக் கசிவு வெறும் கறையாக முடிந்திருக்கும்.

சரி, இதை யார் உண்மையிலேயே செய்கிறார்கள்? எனக்குப் பிடித்த உதாரணம் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி 2021இல் அறிவித்த ஜிடி 63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ். அது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார், பேட்டரி 6.1 யூனிட்தான். எடை 89 கிலோ. ஆனால் 10 விநாடிக்கு 150 கிலோவாட் கொடுக்கும், தொடர்ந்து 70 கிலோவாட் கொடுக்கும். கொஞ்சம் நிதானித்து இந்த எண்களைப் பாருங்கள். 6.1 யூனிட் பேட்டரியிலிருந்து 150 கிலோவாட் உறிஞ்சுவது என்றால், அதே வேகத்தில் போனால் இரண்டரை நிமிடத்தில் பேட்டரி காலி. சாதாரண மின்சார காரில் பேட்டரி காலியாகச் சில மணி நேரமாவது ஆகும். இப்படிப் பிழிந்தால் எந்தத் தட்டும் தாங்காது. அதனால் 560 உருளைச் செல்களையும் சுற்றி ஏறக்குறைய 14 லிட்டர் மின்கடத்தாத் திரவத்தை ஒரு பம்ப் மேலிருந்து கீழாக ஓடவிடுகிறது. செல்களுக்கு நடுவே விட்ட இடம் மில்லிமீட்டர் கணக்குதான். சூடான எண்ணெய் பேட்டரியோடு ஒட்டியிருக்கும் ஒரு வெப்பமாற்றியில் தன் சூட்டைத் தண்ணீர்ச் சுற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. கடைசியில் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது தண்ணீர்தான், செல்லைத் தொடும் வேலைக்கு மட்டும் எண்ணெய். இன்னொரு விஷயம், இந்தப் பேட்டரியை அவர்கள் சராசரியாக 45 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். ஜில்லென்று வைப்பது நோக்கமில்லை, 560 செல்லும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். (மேலே சொன்ன 45 டிகிரி எச்சரிக்கையோடு இது முரண்படுகிறதே என்றால், ஆமாம். சூடான செல்லின் உள்தடை குறைவு, உடனடிச் சக்தி அதிகம். பந்தய வம்சத்தில் வந்த பேட்டரிக்கு அவர்கள் எடுத்த முடிவு அது.)

அதே யோசனையில் மெக்லாரன் ஸ்பீட்டெயில் காரின் சின்னப் பேட்டரியும் மின்கடத்தா எண்ணெயில் மூழ்கியது. ஆஸ்திரியாவின் கிரைசல் நிறுவனம் மூழ்கவைத்த பேக்குகளைச் செய்கிறது. டிராக்டர் செய்யும் ஜான் டியர் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்குவதாக 2021 கடைசியில் அறிவித்தது. தைவானின் சிங் மொபிலிட்டியும் இதே துறையில்தான் இருக்கிறது. விலையைப் பற்றிக் கவலைப்படாத கார்கள், நாள் முழுக்கப் பாரம் இழுக்கும் வேலை வண்டிகள் என்று இரண்டு ஓரங்களில்தான் இது பிடித்திருக்கிறது, நடுவில் இருக்கும் குடும்பக் காரில் அதிகம் காணோம்.

இப்போது தீ. ஒரு செல் கட்டுமீறிச் சூடாகும் நிகழ்வில் படிப்படியான ஒரு வரிசை உண்டு. 80, 90 டிகிரியிலிருந்து எதிர்முனைமேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கித் தானும் வெப்பம் விடும். 130 டிகிரி சுமாரில் இரு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகும். நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகைச் செல்லில் 200 டிகிரியை ஒட்டி நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளிவிட ஆரம்பிக்கும். அப்புறம் வெளிக்காற்றே தேவையில்லை, செல் தனக்குள்ளேயே எரிந்துகொள்ளும். அதனால், "எண்ணெயில் முக்கினால் தீயே பிடிக்காது" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். கெட்டுப்போன அந்த ஒரு செல்லைத் திரவம் காப்பாற்றாது. பக்கத்துச் செல்லைக் காப்பாற்றும் வாய்ப்புதான் அதிகம். வெடித்த செல்லின் சூட்டைச் சுற்றியிருக்கும் எண்ணெய் வாங்கிப் பரப்பிவிடுவதால், அடுத்த செல் 130 டிகிரியை எட்டாமல் தப்பிக்கலாம். தொடர் வெடிப்பு ஒரே செல்லோடு நின்றால் அது பழுது, நிற்காவிட்டால் அது தீ விபத்து.

விதிகள் இந்தத் திசையில்தான் இறுகி வருகின்றன. 2022 கோடையில் இந்தியாவில் அடுத்தடுத்து மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தது நினைவிருக்கும், வேலூரில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதன்பின் மின்சார இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்புத் தரநிலை திருத்தப்பட்டு, செல்களுக்கிடையே போதிய இடைவெளி, அழுத்தம் வெளியேற வழி, ஒரு செல்லின் வெப்பம் பேக் முழுவதும் பரவாமல் இருப்பது போன்ற நிபந்தனைகள் அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக வந்தன. சீனாவின் பழைய தரநிலை, தீப்பிடிக்கும் முன் பயணிகள் இறங்க 5 நிமிடம் கிடைத்தால் போதும் என்றது. 2026 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வரும் புதியது, தீயோ வெடிப்போ இருக்கவே கூடாது என்கிறது. மூழ்கவைக்கும் முறையைப் பேசுகிறவர்களின் குரல் கூடியிருப்பதற்கு வேக சார்ஜிங்கைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. (இன்ஜின் ஆயில் விற்பனை எதிர்காலத்தில் குறையப்போகிறது என்று தெரிந்த எண்ணெய் நிறுவனங்கள் இந்தத் திரவங்களை ஆர்வத்தோடு முன்னால் தள்ளுவதும் ஒரு காரணம். அதில் தப்பில்லை, ஆனால் அவர்களின் விளம்பரத்தைப் படிக்கும்போது இது மனதில் இருக்கட்டும்.)

திரவங்களில் மூன்று குடும்பங்கள். ஒன்று, செயற்கை ஹைட்ரோகார்பன் எண்ணெய்கள். மெல்லியவை, விலை பரவாயில்லை, ஆனால் எரியும். இரண்டு, எஸ்டர்கள். எளிதில் தீப்பற்றாதவை, மண்ணில் சிந்தினாலும் மக்கக்கூடியவை. டிரான்ஸ்ஃபார்மர்களில் இவற்றைப் பயன்படுத்தும்போது 300 டிகிரிக்கு மேல் தீப்புள்ளி (பற்றித் தொடர்ந்து எரியத் தொடங்கும் வெப்பநிலை) உள்ளவற்றைத் தனி வகுப்பாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அளவு தீப்புள்ளி உள்ளவை கெட்டியாகவும் இருக்கும், செல்களுக்கு நடுவே ஓட்டுவது கஷ்டம். பம்ப்காரரும் தீயணைப்புக்காரரும் இதில் ஒத்துப்போகவே மாட்டார்கள். மூன்று, ஃப்ளூரின் திரவங்கள். இவை எரியாது. சில 34, 49, 61 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கும்போது ஏராளமான வெப்பத்தை விழுங்கும், ஆவி மேலே போய்க் குளிர்ந்து சொட்டாகத் திரும்பும். குளிர்விப்பில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் விலை அதிகம், லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ எடை, ஆவி தப்பாமல் பேக்கை அடைக்க வேண்டும், அதுவும் குண்டுகுழியில் குலுங்கும் வண்டியில். இதற்கெல்லாம் மேல், இயற்கையில் அழியாமல் தங்கும் ஃப்ளூரின் வேதிப்பொருள்கள் மீதான எதிர்ப்பு. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நோவெக் திரவங்களைச் செய்துவந்த 3எம் நிறுவனம், 2025 முடிவுக்குள் அந்த வகை உற்பத்தியையே கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. கொதிக்கும் முறையை நம்பித் திட்டம் போட்டவர்களுக்கு அது பெரிய அடி.

எல்லா வண்டியிலும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு. 60 யூனிட் பேக்குக்கு 18 வாட் மணி கொண்ட, 21700 என்னும் அளவிலான உருளைச் செல்கள் சுமார் 3,300 வேண்டும். தேன்கூடு மாதிரி அடுக்கி நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் விட்டாலே அந்த இடைவெளியை நிரப்ப 20 லிட்டருக்கு மேல் எண்ணெய் போகும். மேலும் கீழும் ஓடுபாதை சேர்த்தால் 30 லிட்டரைத் தொடும். அதாவது 25 கிலோ கூடுதல் எடை, விலையுள்ள எண்ணெய், அது சொட்டுக்கூடக் கசியாத உறை. அந்தப் பணத்தையும் எடையையும் செல்களாகவே சேர்த்தால் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். தயாரிப்பாளர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார். இதற்கிடையில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைச் செல்கள் மலிவாகிப் பரவிவிட்டன. அவை லேசில் ஆக்சிஜன் விடாது, தீ பயம் குறைவு. பெட்டி வடிவத்தில் பெரிதாக இருக்கும் அந்தச் செல்களுக்குத் தட்டுக் குளிர்விப்பு பெரும்பாலும் போதும்.

பழுதுபார்ப்பது இன்னொரு தலைவலி. பேக்கைத் திறந்தால் எண்ணெயை வடிக்க வேண்டும். எண்ணெய் படிந்த முனையில் வெல்டிங் பிடிக்காது, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிடும். ஈரமும் எதிரி. டிரான்ஸ்ஃபார்மர்களின் பக்கத்தில் சிலிக்கா ஜெல் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பி தொங்குமே, அது எண்ணெய் மூச்சுவிடும்போது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்காகத்தான். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். ஈரம் ஏறிய எண்ணெயின் மின்தாங்கு திறன் சரசரவென்று இறங்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு இதைக் கவனிக்க லைன்மேன் இருக்கிறார், கார் வாங்கியவருக்கு யார் இருக்கிறார்?

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் வேலூரில் 42 டிகிரி அடிக்கும்போது பேட்டரியை எண்ணெயில் முக்கினால் அது 30 டிகிரிக்கு வந்துவிடாது. எண்ணெய் சூட்டைச் சுமக்கும், குளிரை உண்டாக்காது. சுமந்த சூட்டை இறக்க வெளிக்காற்று செல்லைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அல்லது ஏசி மாதிரி ஒரு கம்ப்ரஸர் வேண்டும். காரில் ஏசி ஏற்கெனவே இருப்பதால் அதன் ஒரு கிளையைப் பேட்டரிக்குத் திருப்புகிறார்கள். ஸ்கூட்டருக்கு அந்த வசதி கிடையாது. இதற்கு மாற்றாகப் பெங்களூரின் எக்ஸ்போனென்ட் எனர்ஜி செய்தது எனக்குச் சாமர்த்தியமாகப் படுகிறது. சரக்கு ஆட்டோக்களை 15 நிமிடத்தில் சார்ஜ் செய்ய, குளிர்ந்த தண்ணீரை சார்ஜிங் நிலையத்திலிருந்தே பேக்குக்குள் ஓடவிடுகிறார்கள். கம்ப்ரஸரைச் சுமப்பது நிலையம்தான், வண்டி அல்ல. வண்டி அதிகம் சூடாவதே சார்ஜ் ஏறும்போதுதான் என்றால், அங்கே மட்டும் குளிர்வித்தால் போதாதா?

கடைசியாக அந்தப் பழைய ஸ்கூட்டர் பேக். 3 யூனிட் பேக் ஒன்றில் 5 லிட்டர் எண்ணெய் ஊற்றினால் ஒரு டிகிரி ஏற 9 கிலோஜூல் வாங்கும். ஏறக்குறைய 15 கிலோ செல்கள் தாமே 15 கிலோஜூல் வாங்கும். ஆக, சூடு ஏறும் வேகம் கொஞ்சம் குறையும், செல்களுக்குள் வித்தியாசமும் குறையும். ஆனால் வீட்டு பிளக்கில் 600 வாட்டில் சார்ஜ் போடும்போது பேக்குக்குள் உண்டாகும் வெப்பம் இருபது முப்பது வாட்தான். அதற்கு இந்தப் பாடு வேண்டாம்.

வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. செல்மேல் சுற்றியிருக்கும் பிவிசி உறையும், வயர்களின் பிவிசி காப்பும் எண்ணெயில் ஊறினால் அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் கரைந்து வெளியேறும். சில மாதத்தில் வயர் குச்சி மாதிரி விறைத்து, வளைத்தால் வெடிக்கும். சாதாரண ரப்பர் கேஸ்கட்டுகள் ஊதிப்போகும். செல்களை ஒட்டிய பசை விட்டுவிடும். ஒரு செல் வாயு கக்கினால் காற்றில் பரவ வேண்டிய அழுத்தம் முழுவதும் அடைபட்ட எண்ணெய்ப் பெட்டியின் சுவரில் விழும். சரியான வால்வு இல்லாவிட்டால் பெட்டி பிளந்து, சூடான எண்ணெயும் எரியும் வாயுவும் சேர்ந்தே வெளியே வரும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அதைத் தொடவே தொடாதீர்கள். அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பேக் சூடாகிறது என்பதுதான் உங்கள் கவலை என்றால், ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல் ஒரு மணி நேரம் நிழலில் விடுங்கள். அப்படியும் சூடு குறையாவிட்டால் அந்தப் பேக்கில் ஏதோ ஒரு செல் வரிசை போயிருக்கலாம். ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டேஜையும் தனித்தனியாக அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.